மாவுப் பனி, ஜவ்வரிசிப் பனி, கண்ணாடி மழை

மாப்ள,

இன்று சாயங்காலம் நான்காம் அறையில் பனி உருக்கி முடித்ததும் காற்றாடிகள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. உனக்குத் தெரியாத அறையா? துபாயில், அல் குசைஸ் குளிர்கிடங்கில் நீயும் நானும் ஒன்றாக வேலை பார்த்த அதே மீன் அறைதான். முதலில் ஒரு முனகல், அப்புறம் தகரம் அதிர்கிற உறுமல், அதன் பிறகு நிற்காத ஊளை. உறைந்த மீனும் ஈர அட்டைப்பெட்டியும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஊளைக்கு நடுவிலிருந்து உன் குரல் கேட்பது போல இருந்தது. "மாப்ள, இங்க காத்து அடிக்கிற அடியில நிக்க முடியலடா."

எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். நீ போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் கோபம்தான் முதலில் வருகிறது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாதாம். உயிரோடு இருந்தபோது கோபப்பட நீ எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லையே, அப்புறம் நான் எப்போதுதான் கோபப்படுவது? ஆகவே இதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ தங்கியிருந்த சத்வா ரூமில் மற்றவர்கள் எல்லாம் ஊர்க் கதை பேசுவார்கள். நீ மட்டும் பனி பற்றிப் பேசுவாய். அறந்தாங்கிக்காரனுக்குப் பனி மேல் இப்படி ஒரு பைத்தியமா என்று ரூமே கிண்டலடிக்கும். டூட்டியில் குளிர்குழாய்களில் படிந்த பனியைச் சுரண்டும்போது ஒரு கை அள்ளி என் சட்டைக் காலருக்குள் போட்டுவிட்டு ஓடுவாய். ஃபோர்மேன் பாய் வாசலில் நின்று ஜல்தி ஜல்தி என்று கத்துவார். "இது மெஷின் பண்றதுடா. நெசமானது வானத்துலேருந்து விழுறப்ப ஒரு தடவையாவது கீழ நின்னு பாத்துரணும்" என்பாய். அதை நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்து நான் சிரித்ததே இல்லை. அது நினைவிருக்கட்டும்.

கனடாத் திட்டம் நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. குளிர்சாதன வேலை தெரிந்தவனுக்கு அங்கே நல்ல கிராக்கி என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். உன் பெண்டாட்டி ஊரில் இருந்தாள், இங்கே நீ தனி ஆள் மாதிரி, அதனால் முதலில் போவாய். காலூன்றியதும் எனக்கு வழி சொல்வாய். நான் சுதாவையும் யாழினியையும் கூட்டிக்கொண்டு பின்னால் வருவேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு நீ வரும்போதெல்லாம் இதே பேச்சுதான். சுதாவுக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் கிடையாது. நீ அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்ததும் யாழினிக்கு ஒரு மாமா கிடைத்தார்.

உனக்கு ரூமே சேர்ந்து கருநீலத்தில் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கியது. கை நீளமாக இருந்ததால் சத்வா தையல்கடைக்குக் கொண்டுபோனோம். வெளியே வெயில் கொளுத்துகிறது, நீ கடைக்குள் அதை மாட்டிக்கொண்டு வேர்த்து வழிய நிற்கிறாய். தையல்கார பாய் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டே இது எந்த நாட்டுக்கு என்று கேட்டார். நீ கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து பதில் சொன்னாய். ஊருக்குப் போய், அங்கே விசா வந்ததும் சென்னையிலிருந்து கிளம்புவது என்று ஏற்பாடு. ஏர்போர்ட் வாசலில் யாழினியைத் தூக்கிக்கொண்டு, "மாமா போயி எத்தன தினுசு பனி இருக்குன்னு பாத்து ஒண்ணொண்ணா சொல்றேன்" என்றாய். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு.

சொன்னபடி சொன்னாய். அதில் குறையே வைக்கவில்லை.

முதல் வாய்ஸ் மெசேஜ் அந்த டிசம்பரில் வந்தது. பின்னால் காற்று ஊளையிட்டது, உன் பல் தந்தியடித்தது, மூச்சு வாங்கியது. நாங்கள் மூவரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்து கேட்டோம். "பாப்பா, இன்னைக்கு விழுறது மாவுப் பனி. பச்சரிசி மாவு கணக்கா காஞ்சு கெடக்கு, கையில உருட்டுனா ஒட்ட மாட்டேங்குது. பூட்ஸ் வெச்சா கறுக் கறுக்குன்னு சத்தம் வருது." யாழினி அதை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று எனக்கே தெரியாது. இங்கிருந்து நெட்டில் நேராகப் பேசத் தடை, கால் போகாது, வாய்ஸ் மெசேஜ்தான். அதுவும் உனக்கு வசதியாகப் போயிற்று. நீ வாட்ஸ்அப்பில் பழைய துபாய் நம்பரிலேயே இருந்தாய். வளைகுடாவிலிருந்து வெளியே போன எவன் நம்பரை விட்டிருக்கிறான்? எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பனி வந்தது. சின்னச் சின்ன உருண்டையாக விழுந்து தரையில் துள்ளுவது ஜவ்வரிசிப் பனி. தண்ணீராகவே விழுந்து, தொட்ட இடத்தில் அப்படியே இறுகிவிடுவது கண்ணாடி மழை. அதன் கனம் தாங்காமல் மின்கம்பி அறுந்து ஊரே இருட்டாகிவிடும் என்றாய். ஈரப் பனி வாரிப் போட்டால் இடுப்பு விட்டுப்போகும் என்றாய். ஏரிப் பனி என்று ஒன்று சொன்னாய். ஏரி மேலிருந்து வருகிற ஈரக் காற்று குளிர்ந்த கரையில் பட்டதும் அந்தக் கரையில் மட்டும் கொட்டுமாம், பத்து மைல் தள்ளி வெயில் அடிக்குமாம். நான் உடனே பதில் அனுப்பினேன். ஆகஸ்ட் மாதம் நம் நான்காம் அறைக் கதவைத் திறந்தால் வெளிப்புழுக்கம் உள்ளே புகுந்து வாசலில் மட்டும் பனி தூறுமே, அதே கணக்குத்தானே என்றேன். "கரெக்ட் மாப்ள, அதேதான்" என்றாய். எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு! நான் என்னமோ பெரிய விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு தடவை முழுப் புயல். எதிரில் நீட்டிய கை தெரியவில்லை, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே சாப்பிடப் போய்த் திரும்பினோம் என்றாய். யாழினி பயந்துபோய் அன்றைக்குச் சாமி விளக்கின் முன் உட்கார்ந்து உனக்காக வேண்டிக்கொண்டாள். அந்த விளக்கு அணையும்வரை எழுந்திருக்கவில்லை.

அப்புறம் உன் வீடு. ஏரிக்குப் பக்கத்துத் தெரு, மஞ்சள் கதவு. பனி மூடினாலும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் கதவுக்கு நல்ல நிறம் அடிப்பார்கள் என்றாய். பள்ளியில் வீடு வரையச் சொன்னால் என் மகள் மஞ்சள் கதவுதான் வரைவாள். ஒரே ஒரு முறை லீவில் ஊரில் சந்தித்தோம். அப்போது கனடா தேன்பாகு என்று ஒரு பாட்டில் கொடுத்தாய். அதை ஏதோ பிரசாதம் மாதிரி சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டோம். அதே பாட்டில் அல் குசைஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கிறது, மாப்ள. அதைப் பார்த்தபோதும் இங்கேயும் விற்கிறான் பார் என்றுதான் நினைத்தேன்.

இதெல்லாம் போகட்டும். பனிக் கதை சொன்னதற்காக ஒருவனை யாரும் வெறுக்க மாட்டார்கள். நான் கேட்பது வேறு.

வருஷா வருஷம் நான் கேட்டேன், நாங்கள் கிளம்பி வரட்டுமா என்று. வருஷா வருஷம் நீ தடுத்தாய். யாழினிக்கு இளைப்பு இருந்தது உனக்குத் தெரியும். அதையே பிடித்துக்கொண்டாய். "இந்தக் குளிர்ல பாப்பா மூச்சு தாங்காதுடா. நான் கண்ணால பாத்துச் சொல்றேன், அவசரப்படாத. அடுத்த வருசம் பாப்போம்." சுதாவுக்குப் போக வேண்டும் என்று துடிப்பு. ஒருத்தர் பேச்சை மட்டும் நம்பி வீட்டு முடிவை எடுக்காதீர்கள் என்று அவள் தலையாலடித்துக்கொண்டாள். அங்கேயே இருக்கிறவன் சொல்கிறான், உனக்கு என்ன தெரியும் என்று அவளை அடக்கினேன். அதற்காக எங்களுக்குள் பேச்சில்லாமல் போன வாரங்கள் உண்டு. வயது ஏற ஏறக் கனடாக்காரர்கள் விசாவுக்குப் போடுகிற புள்ளி குறையும். ஒரு வருஷம் பார்த்தால் நான் தகுதிக்கே வெளியே போய்விட்டேன். யாழினி இங்கே மணல்காற்று அடிக்கும்போதெல்லாம் மூக்கில் மாஸ்க்கை வைத்துக்கொண்டு நெபுலைசர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். குளிர் அவளுக்கு ஆகாது என்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆகஸ்ட் மதியம் சவூதி நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியவன் நாகர்கோவில் பக்கத்துப் பையன், பெயர் முத்து.

"அண்ணாச்சி, ஜுபைல்ல இருந்து பேசுதேன். ஒங்க சேக்காளி தவறிட்டாவ. கம்ப்ரசர் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தவுக அப்படியே சாஞ்சிட்டாவ."

தம்பி ஆள் மாற்றிக் கூப்பிடுகிறீர்கள், அவன் கனடாவில் இருக்கிறான் என்றேன். இல்லை, வருஷக்கணக்காக எங்கள் கேம்ப்பில்தான் இருக்கிறார், என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவருடையது என்றான். உன் பெயர், ஊர், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் சொன்னான். லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள்.

அடுத்த வாரம் முத்துவை நானே கூப்பிட்டேன். கேட்கக் கேட்கச் சொன்னான். கேம்ப் சாப்பாட்டுக் கூடத்துக் கோழி பிரீசரை நீதான் பார்த்துக்கொண்டாயாம். எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டுமென்றால் அந்தக் கருநீல ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாயாம். காற்றாடி சுற்றுகிற நேரமாகப் பார்த்துப் போவாயாம். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன புயல் நிஜமாம். ஆனால் அது மணல் புயல், கேம்ப்பிலிருந்து மெஸ்ஸுக்குப் போன வழி. "நாங்க வெளிய நின்னு சிரிப்போம் அண்ணாச்சி. அவுகளும் வெளிய வந்து சிரிப்பாவ" என்றான். அவனுக்கு அதில் என்ன தப்பு என்றே தெரியவில்லை, பாவம்.

இதைக் கேட்டதும் எனக்கு உன்னைவிட என் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஆயுசில் பாதியைக் குளிர் அறைக்குள் கழித்தவன் நான். காற்றாடியின் பேரிங் தேய்ந்தால் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன். எனக்கு அந்தச் சத்தம் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? நீ புயல் என்று சொன்னாய், அதனால் புயல் என்று கேட்டேன். அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தேன் உன்மேல். அந்த நம்பிக்கையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு நீ பேசியிருக்கிறாய்.

அறந்தாங்கிக்கு வந்தேன். உன் வீட்டில் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் பெண்டாட்டியிடம், எனக்கு அவள் தங்கச்சி முறைதானே, கேட்டேன். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்றாள். உன் அண்ணனுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும். சத்வா ரூமில் இருந்த இரண்டு பேருக்குக்கூடத் தெரியுமாம். விசா இல்லை என்று வந்ததும் நீ ஒரு மாசம் வாசலைத் தாண்டவில்லையாம். ஜுபைலுக்குப் போய்க் கொஞ்ச நாளில் எங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாயாம்.

"உங்ககிட்ட பேசுறப்ப மட்டும்தாண்ணே அவங்க அங்க போய்ச் சேந்துருந்தாங்க. அதையும் எடுத்துட்டா என்ன இருக்குன்னு நானும் விட்டுட்டேன்."

அவளிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் உன்னிடம் கேட்கலாம் அல்லவா? நீ போய்ச் சேர்ந்ததாக இருப்பதற்கு, நாங்கள் போகாமல் இருக்க வேண்டியிருந்ததா? நான் அங்கே வந்து இறங்கினால் நீ இல்லாதது தெரிந்துவிடும். அதற்காக என் பிள்ளையின் மூச்சைச் சாக்காக வைத்தாயே, அதுதான்டா எனக்கு ஆறவில்லை. விசா கிடைக்கவில்லை மாப்ள என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை நான் குறைத்து நினைத்திருப்பேனா? அடுத்த ஃப்ளைட்டில் வா, நான்காம் அறையில் உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றுதானே சொல்லியிருப்பேன்? உலகத்துக்கே உண்மையைச் சொன்னவன் என்னிடம் மட்டும் பொய் சொன்னாய். அது பிரியம் என்று உன் வீட்டில் சொல்கிறார்கள். அந்தப் பிரியம் எனக்கு வேண்டாம்.

சுதாவிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யாழினிக்குச் சொல்லாதீங்க. அவளுக்கு இருந்தது அந்த ஒரு மாமாதான். கோபம் உங்களோட இருக்கட்டும்" என்றாள். அதனால் யாழினியைப் பொறுத்தவரை நீ கனடாவில் மாரடைப்பில் போனாய். உன் சாமான்களோடு வந்த ஜாக்கெட்டைத் தங்கச்சி என்னிடம் கொடுத்தாள். யாழினி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழவிட்டேன்.

போன செப்டம்பரில் அவள் படிக்கப் போனாள், உன் புண்ணியத்தில் கனடாவுக்கே. வேறு ஊரில் இடம் கிடைத்தும் ஏரிப் பனி விழுகிற ஊர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். உன் ஜாக்கெட்டையும் கொண்டுபோனாள், சத்வாவில் சுருக்கிய கை அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. போனதிலிருந்து இளைப்புக்குப் பம்ப் எடுத்தது ஒரே ஒரு தடவைதானாம். அதை அவள் சந்தோஷமாகச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

இன்று காலை அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "அப்பா, நேத்து ஃபுல்லா ஸ்டார்ம். ஃபர்ஸ்ட் ஜவ்வரிசிப் பனி, அப்புறம் மாவுப் பனி. ரூம்மேட்டுக்கு மாமா வெச்ச பேரெல்லாம் சொல்லிக் குடுத்தேன். கறுக் கறுக்குன்னு சத்தம் கரெக்டா வருதுப்பா. ஆனா மாமா மெசேஜ்ல ஒரு ஊளைச் சத்தம் வருமே, அது மட்டும் இங்க இல்ல. ஸ்னோ விழும்போது ரொம்ப சைலண்ட்டா இருக்கு."

நாள் முழுக்க அதற்குப் பதில் சொல்லாமலே ஓட்டினேன். சாயங்காலம், அவளுக்கு அது காலை, நான்காம் அறையில் நிற்கும்போது மனசு கேட்கவில்லை. சாப்பிட்டியாம்மா, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போ என்று பேசி அனுப்பிவிட்டேன். அப்போதுதான் காற்றாடி வேகம் பிடித்திருந்தது. அதுவும் சேர்ந்து பதிவாகும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

உடனே பதில் வந்தது. "அப்பா, நீங்க எங்க இருக்கீங்க? பின்னாடி அந்தச் சத்தம். மாமா சத்தம்."

வெளியே வந்தேன். இறக்குமேடையில் ஜனவரி வெயில் இதமாக அடித்தது. பிரீசரில்தான் இருந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, மாமா நிஜமாவே இங்க இருந்தாங்களா?"

இரண்டு வருஷமாக நான் தேக்கிவைத்திருந்த கோபத்துக்கெல்லாம் இதுதான் நேரம். ஒரு வார்த்தை போதும், நீ செய்தது வெளியே வந்துவிடும். எனக்கும் பாரம் இறங்கிவிடும். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கருநீல ஜாக்கெட்டில் பனியில் நிற்கிற என் பிள்ளை கண் முன்னால் வந்தாள்.

"இருந்தாரும்மா" என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. உன்னை நம்பி ஏமாந்தவன் நான் ஒருவன் போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நீ செத்தும் என்னை விடவில்லை. உன் பொய்யை என் வாயால் சொல்லவைத்துவிட்டாய்.

இப்போது மறுபடி ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. அவள் குரலில் அவ்வளவு நிம்மதி. வரப்போகிற லீவில் பஸ் பிடித்து, நீ இருந்ததாகச் சொன்ன ஏரிக்கரை ஊருக்குப் போகிறாளாம், டிக்கெட் பார்த்துவிட்டாளாம். உன் வீட்டு வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம், விலாசம் கேட்கிறாள்.

சொல்லு மாப்ள. அந்த மஞ்சள் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது?